ஐந்து காலன் கடல்

டெஸ்ஸாவின் மேசைமேல் ஐந்து காலன் கடல் இருந்தது. கண்ணாடித் தொட்டியில் இருபது லிட்டர் போல, வாளியில் உப்பைக் கரைத்து அவளே உண்டாக்கிய கடல். கைக்கு அடங்கும் ஒரு பாறை, அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவில் விரியும் பச்சைப் பவளப்பூக்கள், ஒரு மஞ்சள் மீன், ஓர் இறால். பத்து காலன் வரை தொட்டி வைக்கக் கல்லூரி விடுதி விதி அனுமதித்தது. அறைத்தோழி காமிலுக்குத்தான் ஒத்துவரவில்லை.

"நீல வெளிச்சம், மோட்டார் சத்தம்... பல் டாக்டர் கிளினிக்ல படுத்திருக்கற மாதிரி இருக்குடி," என்று அக்டோபரில் அவள் படுக்கையைச் சுருட்டினாள். "உன்மேல கோவம் இல்ல டெஸ், சத்தியமா." மூன்றாவது மாடியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன்பின் அறையின் ஒரு பாதியில் வெறும் மெத்தை மட்டும் கிடந்தது.

அந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. பாறைக்கடியில் வளை தோண்டுவது அதன் வேலை, வாசலில் காவல் நிற்பது மீனின் வேலை. மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசை ஒன்றை மீனின் முதுகில் வைத்தபடியே வரும். மீன் வாலை உதறினால் இரண்டும் உள்ளே ஓடிவிடும். பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டெஸ்ஸா மணிக்கணக்கில் பார்த்தது இதைத்தான்.

நவம்பர் கடைசியில், குடும்பங்கள் கூடி விருந்துண்ணும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு விடுதியே காலியானது. அவள் போகவில்லை. அம்மா இப்போது டுபுக் ஊரில், தன் புதுத் துணைவர் கேரியின் வீட்டில் இருந்தாள். கேரி நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வீட்டில் டெஸ்ஸாவுக்கு ஒதுக்கியிருந்தது, அவருடைய ட்ரெட்மில்லுக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில். "தண்ணி தினம் வத்தும்மா. நல்ல தண்ணி ஊத்தலேன்னா உப்பு ஏறி எல்லாம் செத்துடும்," என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

விருந்து நாளான வியாழன் காலை, தொட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய தண்ணீரை இறைக்கத் தொடங்கியபோது அம்மாவின் அழைப்பு வந்தது. அறையில் சிக்னல் கிடைக்காது. மூடியைத் திரும்பப் போடாமலே வராந்தாவுக்குப் போனாள்.

"வான்கோழி அடுப்புல வெந்துட்டிருக்கு. நீ இன்னிக்குச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போற?"

"காமில் வீட்டுல கூப்பிட்டிருக்காங்கம்மா."

"அப்பாடி! நிறைய பேரா?"

"பன்னெண்டு பேர். ரெண்டு நாய் வேற."

பொய்க்குக் கை கால் முளைத்தது. நாய்களுக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள். அரைமணி நேரம் கழித்துத் திரும்பினால் வளைவாசலில் மீன் இல்லை. வளைக்குள் இருக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மேசையை இழுத்துப் பார்த்தாள். சுவரோரம், ஒட்டடையும் தூசியும் அப்பிக்கொண்டு, அது விறைத்துக் கிடந்தது. உள்ளங்கையில் ஏந்தித் தண்ணீரில் விட்டாள். பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

சற்று நேரத்தில் இறால் வெளியே வந்தது. மீன் இருக்கும் இடத்தை மீசையால் தடவியது. இன்னும் கொஞ்சம் எட்டித் தடவியது. பிறகு தள்ளிக்கொண்டு வந்த மணலை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனது. அன்று முழுவதும் வரவில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வராந்தாவின் இருபுறமும் கதவுகள் பூட்டியிருந்தன. 'மீன் செத்துப்போச்சு' என்று காமிலுக்கு அனுப்பினாள். மூன்று மணிநேரம் கழித்து ஓர் அழுமூஞ்சிப் படம் வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் பஸ் பிடித்து, டெ மொயின் நகரில் முன்பு மீன் வாங்கிய கடைக்குப் போனாள். கடைக்காரர் ரஸ், ஒரு தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேற மஞ்சள் மீன் இருக்கு. ஆனா இறாலோட சேருமான்னு நான் சொல்ல முடியாதும்மா. ரெண்டு பேரும் சம்மதிக்கணுமே, கல்யாணம் மாதிரி," என்றார். "லீவுக்கு ஊருக்குப் போகலியா?"

"தொட்டியைப் பாத்துக்க ஆளில்லை."

"இங்க கொண்டுவந்து விட்டுட்டுப் போயிருக்கலாமே! படிக்கிற பசங்க பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க. அஞ்சு காலன்தானே, ரெண்டு வாளி."

டெஸ்ஸா புது மீனுக்குப் பணம் கொடுத்தாள். மீன் இருந்த பையைக் குளிர் படாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியில் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, நேத்து நான் எங்கயும் போகலை. ரூம்லதான் இருந்தேன். மீன் செத்துப்போச்சு."

"மஞ்சளா இருக்குமே, அதுவா?"

"அதேதான்."

"ஏண்டி அப்படிச் சொன்னே? நாய்க்குப் பேரெல்லாம் சொன்னியே."

"கேரி வீட்டுல அந்த ரூம் எனக்குப் பிடிக்கலம்மா. அங்க எனக்கு விருந்தாளி மாதிரி இருக்கு."

"எனக்கும் சில நாள் அப்படித்தான் இருக்கு," என்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பிறகு யாரோ கூப்பிட, அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

புது மீன் மோட்டாருக்குப் பின்னால் போய் ஒளிந்தது. டிசம்பர் பாதி தாண்டியும் வளைப் பக்கம் வரவில்லை. டெஸ்ஸா தினமும் இரண்டு இடத்தில் தீனி போட்டாள், வளைவாசலில் கொஞ்சம், மோட்டாரடியில் கொஞ்சம். பரீட்சை முடிந்ததும் பாறையைத் தூக்கி ஒரு வாளியிலும், மீனையும் இறாலையும் பிடித்து இன்னொன்றிலும் வைத்தாள். அத்தனை நாள் தோண்டிய வளை ஒரே நொடியில் சரிந்தது. இரண்டு வாளிகளோடு பஸ்ஸில் ரஸ்ஸிடம் போய்ச் சேர்ந்தாள்.

அவர் ஒரு சிறிய தொட்டியில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கண்ணாடியில் ஒரு காகிதப் பட்டை ஒட்டி அவள் பெயரை எழுதினார். "உன் நம்பர் இருக்கு. நீ போனை எடுக்கலேன்னா கூப்பிட வேற யாராவது?"

"வேற யாரும்..." என்று தொடங்கியவள், சற்று நின்று அம்மாவின் எண்ணைச் சொன்னாள். அவர் அதையும் கீழே எழுதிக்கொண்டார். அம்மாவிடம் போகும் டுபுக் பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அதுவரை அவள் அந்தத் தொட்டியின் முன்னாலேயே நின்றாள். இறால் ஒரு மூலையில் புதிதாகத் தோண்டத் தொடங்கியிருந்தது. மீன் எங்கே போனதென்று தெரியவில்லை.