மாமன் மடி

கோயில் முக்கில் ஆம்னி வேன் திரும்பியதும் கலைமணியின் கண்ணில் முதலில் பட்டது அண்ணனின் மீசைதான். ஃப்ளெக்ஸ் பேனரில் அந்த மீசை மட்டும் ஒரு முழம் இருந்தது. ‘தாய்மாமன் சீரோடு வருகிறோம்’ என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே அண்ணன் கலையரசன் கும்பிட்டபடி நிற்க, அவருக்குப் பின்னால் அவருடைய ரிக் வண்டி நின்றது. போர் போடுகிற வண்டிக்கும் காதுகுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று திருச்செங்கோட்டுப் பக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். ரிக் வண்டி வைத்திருப்பவர் கல்யாணப் பத்திரிகையில்கூட அதைப் போடுவார். கலைமணிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு மூலையில் இருந்த படத்தைப் பார்க்கும் வரைதான். அது அவளுடைய குடும்பப் படம். பொங்கலுக்குச் சங்ககிரி ஸ்டுடியோவில் எடுத்தது. புருஷன் மதனின் மடியில் மூன்று வயது மித்ரன். பக்கத்தில் அவள். அவள் மடியில் ஒரு பெரிய ரோஜாப் பூங்கொத்து.

பிறந்ததிலிருந்து அவள் கையில் பூங்கொத்துப் பிடித்ததே கிடையாது. அன்றைக்கு அவள் மடியில் இருந்தது தன்ஷிகா, மூத்தவள். பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போகாததில் அவளுடைய கழுத்தும் கைகால்களும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஏழு வயதிலும் இடுப்பில்தான் தூக்க வேண்டும். கேமராக்காரர் “பாப்பா, இங்க பாரு” என்று கத்தக் கத்தத் தலை அந்தப் பக்கமே சாய்ந்தது. கடைசியில் மித்ரன் அப்பா மடியில் இருந்தபடியே ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினான். தன்ஷிகா வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, கையைத் தூக்கி அம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டாள். அந்த நொடியில் எடுத்த படம் அது. வீட்டில் டிவிக்கு மேலே மாட்டியிருந்தார்கள்.

பேனர் அடித்தவன் பிள்ளையை அழித்துவிட்டுப் பூவை ஒட்டியிருக்கிறான். அழித்ததையாவது ஒழுங்காக அழித்தானா, அதுவும் இல்லை. நான்கு சின்ன விரல்கள் மட்டும் அவள் தோளில் அப்படியே இருந்தன.

“வண்டிய நிறுத்துங்க” என்றாள்.

மதன் நிறுத்தினான். பேனரை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்காததிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“நேத்துச் சாயங்காலம் கட்டறப்பப் பாத்தேன்.”

“பாத்துப்போட்டு?”

“கடைக்காரன் தப்பாப் பண்ணியிருப்பான், உடு. விசேஷம் நல்லபடியா நடக்கட்டும்னு கம்முனு இருந்துட்டேன்.”

கம்மென்று இருப்பதற்கு ஒரு பரிசு கொடுப்பதாக இருந்தால் வருஷா வருஷம் மதனுக்குத்தான் கொடுக்க வேண்டும். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் நாள் முழுக்கத் தகரத்தை அடித்து அடித்து, வீட்டுக்கு வந்தால் சத்தமே வேண்டாம் என்று ஆகிவிட்ட மனுஷன். தன்ஷிகாவைக் குளிப்பாட்டுவான், பருப்புச் சோற்றைக் கூழாகப் பிசைந்து ஊட்டுவான், காலுக்குப் பட்டை கட்டி நிற்கப் பழக்குவான். ஆனால் பஸ்ஸில் ஒருத்தி “இதுக்கு எதுக்குங்க இத்தனை மெனக்கெடு?” என்று கேட்டபோது ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கலைமணிக்கு அந்த ஜன்னல் இன்னும் மறக்கவில்லை.

“விசேஷம் யாருக்குங்க?” என்று கேட்டாள். அவன் வண்டியை எடுத்தான்.

விசேஷம் இரண்டு பிள்ளைகளுக்கும். அப்படித்தான் தீபாவளியன்று அண்ணனிடம் அவள் வாய்விட்டுச் சொன்னாள். ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள். தன்ஷிகாவின் முதல் வயதில் வலிப்பு வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வயதில் மாமனார் தவறிவிட்டார். ஐந்தாவது வயதில் அண்ணன் ரிக் வண்டியோடு ஒடிசா பக்கம் போனவர், வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே வருஷத்தை ஓட்டிவிட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துகிற வழக்கம் கிடையாது. அதனால் பெண்பிள்ளை ஏழு வயது வரை மூளிக்காதோடு இருந்தாள். பார்க்கிறவர்கள் காலைப் பற்றிக் கேட்டதைவிடக் காதைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். இந்தத் தடவை தம்பிக்கு மூன்று, அக்காவுக்கு ஏழு. “ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் பண்ணிப்போடலாங்ணா” என்றாள். “பண்ணிப்போட்டாப் போச்சு கண்ணு” என்றார் அண்ணன்.

அந்த அண்ணனை அவள் சந்தேகப்படவே இல்லை. எப்படிச் சந்தேகப்படுவாள்? தன்ஷிகா பிறந்த ஆஸ்பத்திரியில் தங்க மோதிரத்தோடு வந்து நின்று, “என்ற மருமக வந்துட்டா. என்ற பையனுக்குப் பொண்ணு ரெடி” என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினவர் அவர். நர்ஸ் வந்து வாயைப் பொத்தச் சொன்னாள். பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை என்று தெரிந்த பிறகு ‘மருமக’ எப்போது ‘பாப்பா’ ஆனது என்று அவள் கவனிக்கவில்லை. வேனிலிருந்து தன்ஷிகாவை இடுப்பில் ஏற்றி இறங்கும்போதுதான் அது உறைத்தது.

விருந்துக்கு வந்த ஒறம்பரையால் கோயிலில் கூட்டம் சேர்ந்திருந்தது. வேப்பமரத்தடியில் அண்டாக்களில் கெடாக்கறி கொதித்தது. சற்று நேரத்தில் மேளம் முழங்க அண்ணன் வீட்டுச் சீர் வந்தது. அண்ணி சரிதா முன்னால் நடந்தாள், பட்டுப்புடவை கசங்காமல். பின்னால் தட்டுத் தட்டாகப் பழம், இனிப்பு, புதுத்துணி. தட்டுகளைப் பாயில் இறக்கி வைத்தார்கள். கலைமணி நின்றபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சின்னப் பட்டுவேட்டி, சின்னச் சட்டை, பொம்மைக் கார், ஒரு ஜோடிக் கடுக்கன். பாவாடையும் இல்லை, ஜிமிக்கியும் இல்லை.

“ஏனுங்ணா, தன்ஷிகாவுக்கு எங்கீங்க?”

அண்ணன் துண்டைச் சரிசெய்தார். “இல்ல கண்ணு, பாப்பாவுக்கு இப்ப வேண்டாம்னு நெனச்சேன். வலியில வலிப்புக் கிலிப்பு வந்துருச்சுன்னா?”

“வலிப்பு நின்னு நாலு வருசம் ஆச்சுங்ணா. டாக்டர் குத்தலாம்னு சொன்னாரு. அத உங்ககிட்டச் சொல்லியிருக்கேன்.”

“அதுக்கில்ல. கூட்டத்துல பயந்துக்குமேன்னு…”

“பேனர்ல கூடவா கூட்டம்?”

ஊரில் எத்தனையோ பேருடைய நிலத்தில் இத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிற மனுஷனுக்குத் தங்கச்சியிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. சரிதாதான் அவளைக் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துப்போனாள். அண்ணனும் கூடவே வந்தார்.

“பேனர நான்தான் அப்புடிப் போடச் சொன்னேன். அவரக் கேக்காத” என்றாள் சரிதா. “நீயும் பையனப் பெத்தவதானே கலை, யோசிச்சுப் பாரு. நாலு பேரு பாக்க மாமன் மடியில உக்கார வெச்சுச் சீர் செஞ்சா முறைன்னு ஆயிப்போகும். ஏற்கெனவே இவரு ஆஸ்பத்திரியில கத்துனத ஊரே பேசுது. நாளைக்கு என்ற பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போனா, ‘அத்த மகள மடியில வெச்சுக் காது குத்துனீங்களே, அவளுக்கு என்ன பதில்’னு கேக்க மாட்டாங்களா?”

சரிதாவின் பையனுக்கு ஒன்பது வயது. அதோ, பந்தலுக்குள் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பலூனை உடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெண் கிடைக்காமல் போய்விடும் என்று, கலைமணியின் பெண்ணுக்கு ஏழு வருஷமாகக் காது குத்தவில்லை. வலிப்பும் இல்லை, சாவும் இல்லை, ஒடிசாவும் இல்லை. இதுதான் காரணம்.

“உங்க பையனுக்கு என்ற புள்ளையக் கட்டி வெய்யுங்கன்னு நான் எப்பங்க வந்து உங்க ஊட்டு வாசல்ல நின்னேன்?” என்றாள். குரல் அவளை அறியாமல் ஏறிவிட்டது. கறி கிண்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஒரு ஜிமிக்கி போட்டுக்கட்டும்னு கேட்டேன். அவ அக்கா, இவன் தம்பி, ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தாங்கன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்னு கேட்டேன். அது உங்களுக்கு அத்தன பாரமாப் போச்சா?”

“கண்ணு, சத்தம் போடாத. எல்லாரும் பாக்கறாங்க” என்றார் அண்ணன்.

“பாக்கட்டுமுங்ணா. பேனர் எதுக்குக் கட்டுனீங்க, பாக்கத்தானே?”

தன்ஷிகாவுக்கு அம்மாவின் குரல் மாறினால் உடம்பு விறைத்துக்கொள்ளும். இடுப்பில் அவள் வில்லாக வளைந்தாள். கலைமணி அவளைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவினாள். “ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல.” அந்த விரல்கள் வந்து தோளைப் பற்றின, பேனரில் இருந்த அதே இடத்தில்.

“அடுத்த வருசம் ஊட்டோட வெச்சுச் சின்னதாப் பண்ணிக்கலாம்” என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. “நான் வாரேன். யாருக்கும் சொல்ல வேண்டாம்.”

சரிதா திட்டியிருந்தால்கூடக் கலைமணி தாங்கியிருப்பாள். யாருக்கும் தெரியாமல் மடியில் வைக்கிறேன் என்கிற அண்ணனைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பந்தலிலிருந்து காது குத்துகிற பத்தர் கண்ணுசாமி குரல் கொடுத்தார். “நேரம் ஆகுதுங்க. மாமனக் கூப்புடுங்க.” அண்ணன் விட்டால் போதும் என்று விறுவிறுவென்று போய்ப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மடியில் புதுத்துண்டை விரித்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நின்ற மித்ரனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“வாடா மாப்ளே.”

கலைமணி குறுக்கே நடந்து போனாள். அண்ணனுக்கு எதிரே, அதே பாயில், தன்ஷிகாவோடு உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் நெஞ்சோடு சாய்த்து வைத்துக்கொண்டாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஜிமிக்கியை அவிழ்த்தாள். அண்ணன் பெரியதாக ஒன்று கொண்டுவருவார், இதை வீட்டில் போட்டுக்கொள்ளட்டும் என்று அவள் வாங்கியது அது.

“மொதல்ல மூத்தவளுக்குக் குத்துங்க” என்று பத்தரிடம் சொன்னாள்.

பத்தர் அண்ணனைப் பார்த்தார். “மாமன் மடியில வெக்கோணுமுங்களே அம்மிணி.”

“இவளுக்கு மாமன் இல்லீங்க.”

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். யாரோ ஒரு பெரியவர் “இதென்ன பேச்சு” என்று ஆரம்பித்தார். கலைமணி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில், வழக்கம்போலக் கம்மென்று நின்றுகொண்டிருந்த மதனைப் பார்த்தாள்.

“இன்னைக்கும் ஜன்னலப் பாக்கப் போறீங்களா?”

மதன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தான். அவளுக்குப் பின்னால் மண்டியிட்டு, தன்ஷிகாவின் தலையைத் தகரத்தில் காய்த்துப்போன இரண்டு உள்ளங்கைகளிலும் வாங்கி, அசையாமல் பிடித்துக்கொண்டான். “குத்துங்க பத்தரே” என்றான். அவ்வளவு சத்தமாக அவன் பேசி அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

பத்தர் குத்தினார். தன்ஷிகா ஒரு நொடி திகைத்தாள். பிறகு கோயில் அதிர அழுதாள். மித்ரன் ஓடிவந்து அவள் முகத்தருகே ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினான். அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்கு நடுவில் மறுபடியும் அழுகை. அடுத்த காதையும் குத்தியாயிற்று. காதுகுத்தில் எல்லாப் பிள்ளைகளும் அழுகிற அழுகைதான் அது. கலைமணிக்கு அதைக் கேட்கக் கேட்க ஆத்திரம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. இதற்கா ஏழு வருஷம்?

“அடுத்தது பையன்” என்றார் பத்தர். அண்ணன் மறுபடியும் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. கலைமணி தன்ஷிகாவைக் கொஞ்சம் நகர்த்தி, மடியின் மறுபக்கத்தில் மகனை உட்கார வைத்திருந்தாள்.

“கண்ணு, அவனையாவது குடு” என்றார் அண்ணன். மீசை துடித்தது. “சீர் கொண்டாந்த மாமன் நான், இப்புடி வெறும் மடியோட உக்காந்திருந்தா ஊரு என்ன சொல்லும்?”

“அக்காளுக்கு ஆவாத மடி தம்பிக்கும் ஆவாதுங்ணா.”

“அப்ப நான் எங்கதான் உக்காரட்டும்?”

மகனின் காதிலிருந்து சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கலைமணி சொன்னாள்:

“பந்தியில உக்காருங்ணா. வந்த ஒறம்பரையெல்லாம் அங்கதான் உக்காருவாங்க.”