கண்டக்டர் வீட்டின் நீளம்

1977-ஆம் ஆண்டு பங்குனி, சித்திரை ஆகிய இரண்டு மாதங்களில், சமயநல்லூர் மெயின் ரோட்டிலிருந்து மூன்றாவது தெருவில் உள்ள கண்டக்டர் மலையாண்டியின் வீடு உள்ளுக்குள் நாற்பத்தொரு அடி நீண்டது. வெளியே அது நீளவில்லை. தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு எப்போதும்போல் பதினெட்டு அடி ஓட்டு வீடாகவே இருந்தது. பின்சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையும் அதே இடத்தில் இருந்தது. மாடுகளுக்கு ஒரு தொந்தரவும் ஏற்படவில்லை. அந்த இரண்டு மாதங்களில்தான் ஊரில் புளி விலை ஏறியது, ரயில்வே கேட்டுக்குப் புதிதாகச் சாயம் அடித்தார்கள் என்பதையும் சேர்த்தே ஊரார் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மலையாண்டி அதுவரை பதினோரு வருடங்களாக, சமயநல்லூரில் புறப்பட்டு மதுரை வழியாகப் பேரையூர் போகும் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தார். காலை ஐந்து மணிக்கு மில் சங்கு ஊதும்போது எழுந்து, தூங்கும் பிள்ளைகளைத் தாண்டி ஆறே எட்டு வைத்து வாசலுக்கு வந்து போய்விடுவார். திரும்பும்போதும் அவர்கள் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். ஓய்வு நாளில் அவர் தூங்குவார். மூத்தவள் சின்னத்தாய்க்குப் பன்னிரண்டு வயது, அடுத்தவன் பால்பாண்டிக்கு எட்டு வயது. அந்த இருவருக்கும் அவரை அப்பா என்று தெரியும். மூன்று வயதான அன்னக்கொடிக்குத் தெரியாது. தெருவில் எல்லாரும் அவரைக் கண்டக்டர் என்று அழைத்ததால் அவளும் அப்படியே அழைத்தாள். இரவல் சாமான் கேட்டு வந்தவரைப்போல் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அம்மா, கண்டக்டர் வந்துருக்காரு” என்று உள்ளே போய்ச் சொல்வாள். அவர் மனைவி தங்கப்பொண்ணு அதைக் கேட்டுச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். ஆனால் திருமங்கலம் தாண்டிய பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சில நாள் எந்த ஊரையும் கூவாமல் நிற்பார். இறங்க வேண்டியவர்கள் தாங்களாகவே பார்த்து இறங்கிக்கொள்வார்கள்.

அந்தப் பங்குனியில் மேற்குத் தெருக்களில் பாதி வீடுகளுக்கு அம்மை வந்தது. சின்னத்தாய்க்கு முத்துப் போட்டதும் தங்கப்பொண்ணு நிலையில் வேப்பங்குலை செருகினாள். பஞ்சாயத்துக்காரர்கள் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் தேதி எழுதிவிட்டுப் போனார்கள். அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றாமல் வண்டிப் பக்கம் வரக்கூடாது என்று முதலாளி சொல்லி அனுப்பினார். அம்மை வந்த வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதற்கு அந்தப் பக்கத்தில் தெளிவான வழக்கம் உண்டு. தாளிக்கக்கூடாது, வெளியாள் வரக்கூடாது, யாரும் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் சண்டையோ சுடுசொல்லோ இருக்கக்கூடாது. ஆத்தா விருந்தாளியாக இறங்கியிருக்கிறாள். அவள் மனம் குளிர்ந்தால்தான் புறப்படுவாள். மலையாண்டியின் குடும்பம் இந்த வழக்கத்தில் ஒரே ஒரு தவறு செய்தது. அவள் புறப்படுவதற்கு எவ்வளவு குளிர வேண்டுமோ, அதைவிட மிக அதிகமாகக் குளிர வைத்துவிட்டார்கள்.

முதல் மூன்று நாள் மலையாண்டியால் உட்கார முடியவில்லை. ஓடும் வண்டியில் நின்றே பழகிய கால்கள். வாசலிலிருந்து அடுப்படிக்கும் அடுப்படியிலிருந்து வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். வேறு நாளாக இருந்திருந்தால் தங்கப்பொண்ணு அவரை ஒரே அதட்டில் உட்கார வைத்திருப்பாள். அதட்டக்கூடாதாகையால், “ஏங்க, சும்மா நடக்குறதுக்கு அந்தக் கொடத்தையும் தூக்கிக்கிட்டு நடக்குறீகளா?” என்று வெல்லம் தடவிய குரலில் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடமிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான்காம் நாள், நாக்கு சும்மா இராமல், வாசலில் நின்று, “சமயநல்லூர், ஏறுங்க ஏறுங்க!” என்றார், ஆறு எட்டு நடந்து அடுப்படியில், “பேரையூர், எல்லாம் எறங்குங்க!” என்றார். பாயில் படுத்திருந்த சின்னத்தாய் மேலெல்லாம் முத்தோடு சிரித்தாள். பால்பாண்டி, “என்னப்பா, நடுவுல மதுரையே இல்லையா?” என்று கேட்டான். இடம் இல்லையே என்றார் மலையாண்டி. மறுநாள் காலையில் நடந்தபோது ஏழு எட்டு ஆயிற்று. மதுரைக்கு இடம் கிடைத்தது.

அம்மை வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் நாளுக்கு ஓர் அடி என்று, கூடாமலும் குறையாமலும் வீடு நீண்டது. முதல் வாரக் கடைசியில் திருமங்கலத்தை வைக்க முடிந்தது. பத்தாம் நாள் பரவையும் அதற்கடுத்து விளாங்குடியும் வந்தன. கல்லுப்பட்டிக்கு உரலும் அம்மியும் நகர்த்தப்பட்டன. ஓடும் உத்திரமும் அதற்கேற்பத் தாமே கூடிக்கொண்டன. புதிய உத்திரங்களிலும் பழைய புகைக்கறையே படிந்திருந்தது. பிள்ளைகள் பழைய காலண்டர் தாளைக் கிழித்து டிக்கெட் செய்தார்கள். ஒவ்வொரு டிரிப்பிலும் மலையாண்டி தொழில் வழக்கப்படி தலை எண்ணுவார். வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். எண்ணினால் ஆறு வந்தது. எண்ணிக்கையில் அவர் தவறுபவர் அல்லர், ஆகவே ஆறு டிக்கெட் கிழித்தார். ஆறாவதை, வேப்பிலை பரப்பிய மூலையில் செம்புக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த டிரிப்புக்குள் அது எடுக்கப்பட்டிருக்கும். “ஆத்தா எந்த ஊருக்குப் போறான்னு கேட்டீகளா?” என்றாள் தங்கப்பொண்ணு. “கேக்கல. கடைசி ஸ்டாப்புக்குத்தான் கிழிச்சேன். அவ எங்க வேணாலும் எறங்கட்டும்” என்றார் அவர். அவள் எங்கும் இறங்கவில்லை. சின்னத்தாய்க்கு மூன்றாம் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளில் பால்பாண்டியின் நெற்றியில் முத்து தெரிந்தது.

பஞ்சாயத்தின் சுகாதாரப் பணியாளர் சிவனாண்டி வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் தூவ வருவார். வெளியாள் வரக்கூடாது என்பதிலிருந்து அவருக்கு மட்டும் விலக்கு. வீட்டுக்கு ஒரு டப்பா என்பது கணக்கு. மூன்றாவது வாரம், கால் கழுவி உள்ளே வந்து தூவிக்கொண்டே போனவருக்கு, திருமங்கலத்தில் டப்பா காலியாகிவிட்டது. எதிரே அடுப்படி தூரத்தில் தெரிந்தது.

“என்னப்பா மலையாண்டி, வீட்ட நீட்டிப்புட்டியா?”

“நான் எங்கண்ணே நீட்டுனேன்? நடந்தேன், அம்புட்டுதான்.”

“நீட்டுறதுக்குப் பஞ்சாயத்துல அனுமதி வாங்கணும்ல?”

“வெளிய நீட்டுனாத்தானண்ணே வாங்கணும்?”

சிவனாண்டி வாசலுக்குப் போய்த் தெருப்பக்கச் சுவரை ஒருமுறை பார்த்தார். சொல்வது சரிதான் என்று பட்டது. சைக்கிளில் போய் இன்னொரு டப்பா எடுத்துவந்து பேரையூர் வரைக்கும் தூவிவிட்டுப் போனார்.

பேருந்தை ஓட்டிய சேக் இஸ்மாயில் மதுரைப் பழைய நகரத்துக்காரர். மலையாண்டியைவிட ஐந்து வயது மூத்தவர். வண்டி சமயநல்லூரில் நிற்கும் நேரத்தில் நுங்கோ இளநீரோ கொண்டுவந்து மலையாண்டி வீட்டுப் படியில் வைத்துவிட்டு, எதிர்ப்பக்க மின்கம்பத்தடியில் நின்று பேசுவார். வீட்டுக்குள் வரக்கூடாது என்பதை அவர் தம் சொந்த வழக்கம்போலவே காத்தார்.

“மாப்ள, ஒன் எடத்துக்கு வந்தவன் நேத்து ஆள எறக்காமலே ரைட் குடுத்துட்டான். ஒரு அம்மா கல்லுப்பட்டி வரைக்கும் வஞ்சுக்கிட்டே வந்துச்சு. யா அல்லா, எங்காது ரெண்டும் போச்சு!”

“அண்ணே, ஒங்க காது முன்னாடியே போனதுதான. நான் விசில் ஊதுனா என்னைக்கு நின்னுருக்கீக?”

“பேசுவடா, பேசுவ. நிழல்ல உக்காந்து தொப்ப வளக்குற ஆளு.”

“உக்கார எங்க விடுறாங்க? ஒரு நாளைக்கு எட்டு டிரிப்புண்ணே. பாசஞ்சர் பூரா கறாரு.”

“பாத்தாலே தெரியுது, மூஞ்சி தெளிஞ்சிருக்கு” என்றார் சேக் இஸ்மாயில். வழக்கம் தெரிந்தவராகையால் போகிறேன் என்று சொல்லாமல் போனார்.

இருபத்தெட்டாம் நாள் அன்னக்கொடிக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் முத்துப் போட்டது. மற்ற இருவரையும்விட அவளுக்கு அதிகம், கண்ணிமையிலும் இருந்தது. நான்கு நாள் அவள் கண் திறக்கவில்லை. அந்த நான்கு நாளும் வீட்டுக்குள் வண்டி ஓடவில்லை. ஆனாலும் வீடு தன் பாட்டுக்கு நீண்டது. மலையாண்டி பாய்க்குப் பக்கத்தில் தரையில் படுத்து, வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே, அவள் காதருகில் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். திருப்பரங்குன்றத்தில் யார் ஏறினார்கள், திருமங்கலத்தில் எவர் கூடையில் என்ன இருந்தது, கல்லுப்பட்டியில் எந்தக் கிழவர் பல் இல்லாமல் முறுக்குக் கேட்டார் என்றெல்லாம் சொன்னார். ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் கண்ணை மூடியபடியே பேசினாள்.

“கண்டக்டர், பேரையூர் வந்துருச்சா?”

“இல்ல தாயி. இப்பத்தான் கல்லுப்பட்டி.”

“மெதுவாப் போங்க.”

மெதுவாகப் போவதாக அவர் சொன்னார். தங்கப்பொண்ணு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டாள் என்ற நிம்மதியில் மலையாண்டி அன்று இரண்டு வாய் அதிகமாகவே கூழ் குடித்தார். ஆனால் காய்ச்சல் வேளையிலும் அவள் வாயில் வந்தது கண்டக்டர்தான் என்பதை அவர் கவனித்திருந்தார். முத்து இறங்கினால் மூன்றாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீருக்கு மறுநாள் வேலை. மறுபடியும் ஆறே எட்டில் வாசல். இந்த நாற்பது நாளையும் மூன்று வயதுக் குழந்தை எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கும் என்று அவரால் கணிக்க முடியவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீரை அன்னக்கொடியின் தலைக்கு ஊற்றினார்கள். பச்சரிசியும் வெல்லமும் சேர்த்துத் துள்ளுமாவு இடித்துப் பானகம் கரைத்துத் தெருமுனை வரை கொண்டுபோய், ஆத்தாவை நல்லபடியாக வழியனுப்பினார்கள். அன்று மாலை மலையாண்டி தலை எண்ணினார். ஐந்து வந்தது. இன்னொருமுறை எண்ணினார், ஐந்துதான். ஆத்தா இறங்கிவிட்டாள். அவளோடு நீளமும் போய்விட்டதா என்று நடந்து பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. வாசற்பக்கம் போகாமல், இருந்த இடத்திலேயே பாயை விரித்துக்கொண்டார்.

மறுநாள் விடியுமுன் குளித்துக் காக்கிச் சட்டை போட்டு, தோல்பையை மாட்டிக்கொண்டு அவர் அடுப்படியில் நின்றபோது மில் சங்கு ஊதத் தொடங்கியது. பழைய பழக்கத்தில் முன்னங்காலை ஊன்றி ஓசைப்படாமல் நடந்தார். ஆறாவது எட்டில் கல்லுப்பட்டியின் உரல் வந்தது. நடந்தார். திருமங்கலத்தில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களைத் தாண்டினார். திருப்பரங்குன்றம் வந்தது, மதுரை வந்தது. சங்கு இன்னும் ஊதிக்கொண்டே இருந்தது. விளாங்குடி தாண்டிப் பரவையில் கால் வைத்தபோது, பின்னாலிருந்து குரல் கேட்டது.

“அப்பா, நிப்பாட்டுங்க! ஆளு ஏறல!”

மலையாண்டி விசிலை வாயில் வைத்து ஒருமுறை ஊதினார். எந்த டிரைவரும் இல்லாத அந்த வீடு சட்டென்று நின்றதை அவர் உள்ளங்காலில் உணர்ந்தார். காய்ந்த பொருக்குகள் உதிர, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அன்னக்கொடி ஓடிவந்தாள்.

“எந்த ஆளு தாயி ஏறல?” என்று கேட்டார்.

“நாந்தான். பாக்காம ரைட்டுங்கிறீக.”

“தப்புத்தான். ஏறு.”

அவளுக்குப் பின்னால் பால்பாண்டியும் சின்னத்தாயும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். தங்கப்பொண்ணு மிச்சமிருந்த துள்ளுமாவைக் கொண்டுவந்தாள். ஐந்து பேரும் பரவையில் உட்கார்ந்து தின்றார்கள். பால்பாண்டி தான் கண்ட கனவைச் சொன்னான். அது நீளமான கனவு. சின்னத்தாய்க்கு மலையாண்டி முதன்முதலாகச் சடை பின்னிவிட்டார். அது கோணலாக வந்தது. சுடுசொல் கூடாது என்ற தடை முந்தைய நாளோடு நீங்கியிருந்ததால் தங்கப்பொண்ணு அதைப் பற்றித் தன் கருத்தை முழுவதுமாகச் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தில் அரைமணி நேரம் கழிந்தது. பிறகு எழுந்து, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் அன்னக்கொடிக்குக் கை கொடுத்துச் சமயநல்லூரில் இறக்கிவிட்டு, வாசற்படியைத் தாண்டித் தெருவில் கால் வைத்தார். அப்போதுதான் மில் சங்கு ஊதி ஓய்ந்தது. மெயின் ரோட்டில் என்ஜினைச் சூடாக்கிக்கொண்டிருந்த சேக் இஸ்மாயில், “என்ன மாப்ள, முதல் நாளே இம்புட்டு வெரசா வந்துட்ட?” என்றார்.

அன்று முதல் ஒவ்வொரு நாளும் மலையாண்டி தம் வாசலை அடைய அரைமணி நேரம் ஆயிற்று. அவர் ஒருநாளும் வண்டிக்குப் பிந்தியதில்லை. அந்த அரைமணியில்தான் அன்னக்கொடி அரிச்சுவடி படித்தாள், பால்பாண்டிக்கு மீசை அரும்பியது, சின்னத்தாய்க்கு மாப்பிள்ளை பேசி முடிவாயிற்று. 1983-இல் எதிர்வீட்டுத் தையற்காரர் கருத்தக்கண்ணன் வீட்டுக்கு அம்மை வந்தபோது, அவர் மனைவி தெருவில் நின்றபடியே தங்கப்பொண்ணிடம் யோசனை கேட்டாள். வீட்டுக்காரரை நடக்கச் சொல்லு, மத்தத ஆத்தா பாத்துக்குவா என்று தங்கப்பொண்ணு சொன்னாள். கருத்தக்கண்ணன் வீடு ஒன்பது அடி நீண்டது. காலமெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்த்தவருக்கு ஒன்பது அடி என்பதே பெரிய காரியம் என்று தெருவில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.