நிலத்தில் இருந்த புள்ளி

ஐந்தாம் வகுப்புக்கு ஞானாம்பிகை ரீச்சர் தசமம் படிப்பித்தது விளையாட்டாகத்தான். மூன்று, பூச்சியம், ஏழு, ஐந்து என்று மட்டையில் எழுதி நாலு பிள்ளைகளின் கழுத்தில் கட்டி வரிசையாக நிறுத்துவாள். இன்னொரு பிள்ளை புள்ளி. புள்ளி நிலத்தில் இருக்க வேண்டும். "பத்தால் பெருக்கு" என்றால் இருந்தபடியே ஓர் இலக்கத்தைத் தாண்டி, ஒரு தானம் வலப்பக்கம் அரக்கி நகர வேண்டும். "நூறால் பிரி" என்றால் இரண்டு தானம் இடப்பக்கம். மற்றவர்கள் புதிய எண்ணை உரத்து வாசிப்பார்கள்.

புள்ளி எப்போதும் கதிரிதான். கள்ளுச் சீவுகிறவரின் மகள். அந்த வகுப்பில் மற்றவர்களோடு வாங்குப் பலகையில் இருக்கவிடாமல் நிலத்தில் இருத்தப்பட்ட ஒரே பிள்ளை. எல்லாரும் வாங்கில் சமமாக இருக்க வேண்டுமென்று அரசாங்கக் கட்டளை வந்தும் பள்ளிக்கூட மனேச்சர் நமசிவாயம் அதைக் காதில் போடவில்லை. இந்த விளையாட்டைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நிக்கிறவை நிண்டபடி, இருக்கிறவள் இருந்தபடி. இன்ஸ்பெக்டருக்கு இதையே காட்டுங்கோ ரீச்சர். உங்கடை வேலையை நிரந்தரமாக்கிறது என்ரை கையிலைதான் கிடக்கு."

கதிரி அரக்கி வரும்போது பிள்ளைகள் உடுப்பை ஒதுக்கிக்கொள்வார்கள். "புள்ளி வருது, விலகுங்கோடா" என்பான் மனேச்சரின் பேரன் செல்வநாயகம். ஏழு என்ற மட்டை அவன் கழுத்தில். கதிரிக்கு அதெல்லாம் பழக்கம். அவள் கேட்டது ஒன்றுதான்.

"ரீச்சர், ஒருநாளைக்கு எனக்கும் மட்டை கட்டுவியளோ?"

"பாப்பம்" என்றாள் ஞானாம்பிகை.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று கதிரி ஒரு பிழையும் விடவில்லை. முப்பது தசம் ஏழு ஐந்து, முந்நூற்றேழு தசம் ஐந்தாகி, பிறகு மூன்று தசம் பூச்சியம் ஏழு ஐந்தாயிற்று. இன்ஸ்பெக்டர் தலையாட்டி ரசித்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"உந்தப் பிள்ளை எழும்பி ஏழாய் நிக்கட்டும். ஏழு கொஞ்சம் புள்ளியாய் இருக்கட்டும்."

செல்வநாயகம் அசையவில்லை. வாசலில் மனேச்சர் செருமினார். கதிரி அதற்குள் எழும்பிப் பாவாடைப் புழுதியைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"அவளுக்கு இலக்கம் விளங்காது ஐயா" என்றாள் ஞானாம்பிகை.

"விளங்காமலோ உவ்வளவு சரியாய் அரக்கினவள்?"

"நான் கண்ணாலை காட்டுவன். அதைப் பாத்து அரக்குவள்."

இன்ஸ்பெக்டர் கதிரியின் பக்கம் குனிந்தார். "உண்மையோ பிள்ளை? உனக்கு இலக்கம் தெரியாதோ?"

கதிரி ரீச்சரைப் பார்த்தாள். ஞானாம்பிகை அன்றுதான் முதன்முதலாக அவளுக்குக் கண் காட்டினாள்.

"தெரியாது ஐயா."

"இலக்கம் தெரியாத பிள்ளைக்கு அஞ்சாம் வகுப்பிலை என்ன வேலை? அரிவரியிலை கொண்டுபோய் விடுங்கோ. அடியிலையிருந்து படிக்கட்டும்."

"ஓம் ஐயா, இண்டைக்கே" என்றார் மனேச்சர். எழுத்துத் தொடங்கும் அரிவரி வகுப்பில் வாங்கு கிடையாது. எல்லாக் குஞ்சுகளும் நிலத்தில்தான். அவருக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகப் போயிற்று.

ஞானாம்பிகையே கதிரியைக் கூட்டிப்போனாள். அரிவரிக்காரர் மணலில் 'ஒன்று' எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில், தன் உயரத்தில் பாதியும் இல்லாதவர்களோடு, கதிரி காலை மடக்கி இருந்தாள்.

"எழுது" என்றாள் ஞானாம்பிகை. கதிரி ஒன்றை எழுதினாள். பக்கத்துச் சின்னன் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "உந்த அக்காவுக்குத் தெரியுது ரீச்சர்."

"சத்தம் போடாதை."

அடுத்த கிழமை வேலை நிரந்தரமாயிற்று. வகுப்பில் திரும்பவும் மட்டைகளைக் கட்டியபோது, "ஆர் ரீச்சர் இப்ப புள்ளி?" என்று கேட்டார்கள். ஒருவரும் நிலத்தில் இருக்க முன்வரவில்லை. ஞானாம்பிகை ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் புள்ளியாகக் கவிழ்த்து வைத்தாள்.

"பத்தால் பெருக்கு" என்றாள். செல்வநாயகம் அதைக் காலால் தள்ளினான்.