பதினாறில் ஒன்று

காலை ஆறரை மணிக்கே வீடியோக் கடையின் கதவைத் தட்டிய அம்போமாவுக்கு, அங்கே வேலை பார்க்கும் போக்குவா கதவைத் திறந்தாள். வந்தவள் கறுப்புத் துக்கத்துணியில் நின்றாள். இன்று பதினோரு மணிக்கு அவள் அம்மாவின் பெட்டியை எடுக்கிறார்கள்.

"அம்மா பேசி நான் போன்ல எடுத்தது பெரிய திரையில வரவே மாட்டேங்குது போக்குவா. வெறும் கறுப்பா நிக்குது."

போனை வாங்கிப் பார்த்தாள் போக்குவா. புதுப் போன், புது வகைப் படம். துக்க மைதானத்தில் திரை கட்டுகிறவர்களின் பழைய வீடியோப் பெட்டிக்கு அது புரியாது. பழைய வகைக்கு மாற்றிக் கொடுத்தால் ஓடும். கானாவின் குமாசி நகரத்தில் பண்டாமா பகுதி முழுக்க அந்த வேலைக்குத்தான் இந்தக் கடைக்கு வரும்.

"பேச்சு நாப்பது நிமிஷம் இருக்கே அக்கா. கடைசி அஞ்சு நிமிஷத்தை மட்டும் வெட்டித் தரட்டுமா?"

"வெட்டினா என் தாய்மாமன் சும்மா விடுவாரா? ஒட்டவச்சுப் பேச வச்சிருக்கான்னு ஊரைக் கூட்டுவார். அம்மா எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டா. நான் மண்ணுக்கு மேல இருக்கும்போதே சொந்தக்காரங்க எல்லாரும் இதைக் கேக்கணும்னு சொன்னா. பெட்டி போனப்புறம் போட்டு என்ன பிரயோஜனம்?"

போக்குவா வேலையை ஏற்றினாள். மீதி நேரம் ஆறு மணி பத்து நிமிடம் என்று காட்டியது கம்ப்யூட்டர். விரல்விட்டு எண்ணினாள். மதியம் ஒரு மணி ஆகிவிடும். அதற்குள் பெட்டி குழிக்குள் போயிருக்கும்.

இந்தக் கம்ப்யூட்டருக்குக் கடைப்பலகையில் தனி வரியே உண்டு. 'பதினாறு மூளைக் கம்ப்யூட்டர்' என்று சிவப்பில் எழுதி வைத்திருந்தார் முதலாளி டொங்கோர். வேலையைப் பதினாறாகப் பிரித்துக்கொண்டு ஒரே நேரத்தில் செய்யும் என்று பேச்சு. தன்னை எல்லோரும் டைரக்டர் என்று கூப்பிட வேண்டும் அவருக்கு. ஒரு படமும் எடுத்ததில்லை. மெஷின் வந்து எட்டு மாதம். பழையதைவிட ஒரு நிமிடம்கூட முன்னால் முடித்ததில்லை. கல்யாண வீட்டார் வந்து கத்துவதெல்லாம் போக்குவாவிடம். அவள் புகார் சொன்னால் டைரக்டர் சிரிப்பார். "மெஷின் பறக்குது. உன் கைதான் ஊருது" என்பார். வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்வார்.

ஒன்பது மணிக்கு முப்பத்தாறு சதவீதம். அம்போமா பெஞ்சில் உட்கார்ந்து, அணைந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதால்கூடத் தேவலை என்றிருந்தது போக்குவாவுக்கு.

மெஷினுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் பக்கத்தைத் திரையில் திறந்தாள். மூளைக்கு ஒன்றாகப் பதினாறு கட்டம் விரிந்தது. முதல் கட்டம் உச்சிவரை நிரம்பி மூச்சு முட்டிக் கிடந்தது. மற்ற பதினைந்திலும் தரையோடு தரையாக ஒரு கோடு. பதினைந்தும் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. போக்குவாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. எட்டு மாதம். எட்டு மாதம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது இதற்காகவா?

அந்த நேரம் பார்த்து வாச்சே என்கிற பயறுச்சோற்றுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார் டொங்கோர். அதே நேரம் கரண்டும் போனது. பேட்டரி முனகிக்கொண்டு வேலையை எடுத்துக்கொண்டது. டிவியில் பந்தாட்டம், குளிர்பெட்டியில் அவருடைய சோடா, தலைக்குமேல் அவருடைய விசிறி, எல்லாமே அதே பேட்டரியில்.

"டைரக்டர், இதுல ஒண்ணுதான் வேலை செய்யுது. மத்ததை யார் பூட்டினது?"

"நான்தான் பூட்டச் சொன்னேன்." பொட்டலத்தைப் பிரித்தபடி, பெருமையாகவே சொன்னார். "கரண்ட் போய்ப் போய் வந்த காலத்துல, எல்லா மூளையும் ஓடினா பழைய பேட்டரி அலறும். அதனால ஒண்ணு போதும்னு வச்சோம். புது மெஷின் வந்ததும் பழசு மாதிரியே வச்சுக் குடுறான்னு மெக்கானிக்கிட்ட சொன்னேன். அதான் சீட்டு ஒட்டியிருக்கேனே."

ஒட்டியிருந்தது. 'செட்டிங்கைத் தொடாதே. டைரக்டர் உத்தரவு.' எட்டு மாதம் அதற்குக் கட்டுப்பட்ட தன்மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"பதினாறு வாங்கி ஒண்ணை ஓட்டுறீங்க. பலகையில மட்டும் பதினாறு."

"வாயை அடக்கு. முப்பத்தாறு ஓடியாச்சு, இப்ப நிறுத்தினா எல்லாம் போச்சு. பேட்டரி வெடிச்சா உன் தலையா குடுப்பே?"

போக்குவா அம்போமாவைப் பார்த்தாள். "அக்கா, நிறுத்திட்டு முதல்லேர்ந்து ஓட்டணும். அது சரியா வந்தா நேரத்துக்குப் போயிடலாம். வரலைன்னா ஒண்ணும் கிடைக்காது."

"நிறுத்து" என்றாள் அம்போமா.

போக்குவா நிறுத்தினாள். சீட்டைக் கிழித்தாள். டிவியைப் பிடுங்கினாள், குளிர்பெட்டியைப் பிடுங்கினாள், விசிறியை அணைத்தாள்.

"ஏய், அது என் சோடா."

"சூடா குடிங்க."

ஒன்றைப் பதினாறாக்கி ஓடவிட்டாள். பதினாறு கட்டமும் ஒரே மூச்சில் எழுந்தன. மெஷினுக்குள் இருந்த காற்றாடி இரைந்தது, பேட்டரி ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. மீதி நேரம் முப்பத்திரண்டு நிமிடம். டொங்கோர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாச்சேயைப் பார்த்தபடி நின்றார்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சந்தை நெரிசலில் ஒரு மணி நேரம் சிக்கிய டாக்சியிலிருந்து இருவரும் குதித்தார்கள். மைதானம் முழுக்கக் கூடாரம், சொந்தக்காரர்களின் கூட்டம், ஆளுக்கொரு புதுத்துணி. இவ்வளவு சொந்தமா அந்த அம்மாவுக்கு? பண்டாமா சந்தைக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறையில் இரண்டு வருடம் படுத்திருந்தவளைக் குளிப்பாட்டியது அம்போமா ஒருத்திதான். தாய்மாமன் சார்போங் ஒரு நாள் எட்டிப்பார்த்ததில்லை. இப்போது அவர்தான் பெட்டியின் தலைமாட்டில் கைவைத்து நின்றார்.

"நேரமாச்சு, தூக்குங்க" என்றார். "படம் கிடம் எல்லாம் அப்புறம்."

போக்குவா திரைக்காரரின் வீடியோப் பெட்டியில் பென்டிரைவைச் செருகி, மின்கம்பியின்மேல் காலை ஊன்றி நின்றாள். கம்பியைப் பிடுங்க வந்த சார்போங்கின் ஆள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

திரையில் அந்த அம்மா வந்தாள். கன்னம் ஒட்டி, தலையணையில் சாய்ந்து. குரல் மட்டும் தெளிவாக இருந்தது. நாற்பது நிமிடமும் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, எந்த மாதம் யாருக்குச் சொல்லியனுப்பினாள், யார் என்ன பதில் அனுப்பினார்கள் என்று சொன்னாள். கூடாரத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

"சார்போங், நீ பெருசா சாவு எடுப்பே, தெரியும். எடுத்துக்கோ. ஆனா நான் படுத்திருந்தப்ப என் வாசல்ல வந்து நிக்காத கை என் பெட்டியில படக்கூடாது."

திரை அணைந்தது. சார்போங்கின் கை பெட்டியில் இருந்தது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். மெல்ல எடுத்து, வைக்க இடம் தெரியாமல் துணிக்குள் செருகிக்கொண்டார். மற்ற கைகளும் ஒவ்வொன்றாக விலகின. பெட்டி தனியாகக் கிடந்தது.

அம்போமா போய்த் தலைமாட்டைப் பிடித்தாள். அந்த ஒற்றை அறைக்குச் சூப் கொண்டுவந்து கொடுத்த மீன்காரி வந்தாள். பக்கத்து அறைத் தையல்காரர் வந்தார். எதிர் அறைக் கிழவர் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். இன்னும் ஒரு பிடி காலியாக இருந்தது.

போக்குவாவின் பையில் போன் அதிர்ந்தது. டைரக்டர்தான், வேறு யார். அதை எடுக்காமல் நடந்து போனவள், மீன்காரியின் அருகே நின்றாள்.

"நான் அம்மா வாசலுக்கு வந்ததில்லையே அக்கா."

"இன்னிக்கு வந்தே" என்றாள் அம்போமா. "பிடி."