ஆல்டோவின் இடம்

சான்றிதழில் என் பெயர் மதிவதனி. அடுத்த தெரு சர்ச்சில் நான் ஸ்வீட்லின். இரண்டு பெயர்களும் இத்தனை வருடம் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததில்லை. அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்குத் தேர்வான அன்று, அம்மா என் பாட்டுப் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"விஏஓ வந்து விசாரிச்சிட்டுப் போற வரைக்கும் சர்ச் பக்கம் போவாத. கிறிஸ்டியன்னு தெரிஞ்சா எஸ்ஸி கோட்டால வந்த வேலைய புடுங்கிக்குவாங்க."

"இயேசு தப்பா நெனச்சிக்கினா?"

"அவருக்குத் தெரியாதது இன்னா கீது? விஏஓக்குத்தான் தெரியக்கூடாது," என்றார் அப்பா, சிரிக்காமல்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காயம் உரித்தபடி அடுத்த தெருப் பாட்டைக் கேட்டேன். ஜெனிஷா மெட்டை மேலே கொண்டுபோவாள். அதற்குக் கீழே தாழ்ந்த சுருதியில் சேரும் ஆல்டோ, என் குரல். பாடும்போது எனக்கு எந்தப் பெயரும் இருக்காது. அந்த இடத்துக்குத்தான் மனம் ஏங்கியது. வேலைக்கும் ஏங்கினேன், ஆவடி கிளினிக்கில் எத்தனை காலம் தற்காலிக நர்ஸாக இருப்பது?

ஒருநாள் ஜெனிஷா வந்தாள். நாங்கள் ஒரே காலனி, ஒரே சாதி. ஒன்றாக நர்சிங் படித்தோம், தேர்விலும் ஒரே மதிப்பெண். அவளைப் பள்ளியில் சேர்க்கும்போதே அவள் அப்பா கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டார். அதனால் அவள் பிசி. பிசி கட்-ஆஃப் அவளுக்கு எட்டவில்லை.

"ஊருக்குள்ள நம்ம ரெண்டு பேரும் காலனிப் பொண்ணுங்கதான். பேப்பர்ல மட்டும் எனக்குப் பிரமோஷன் பாத்தியாடி," என்றாள்.

"எம்மேல கோவமா கீறியா?"

"கொஞ்சம்." சுவரைப் பார்த்தாள். சிலுவை இருந்த இடத்தில் முருகன் காலண்டர். "ஈஸ்டருக்கு உன் எடத்துல ரேகாவ நிக்கச் சொன்னாரு பாட்டு மாஸ்டர். வேணான்னுட்டேன்."

"ஏன்?"

"அவளுக்கு சுருதி நிக்காது."

ரேகாவுக்கு நன்றாகவே நிற்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விஏஓ அய்யாசாமி வந்தார். அம்மா நெற்றியில் பெரிய பொட்டு. அவர் டீயைக் குடித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"சர்ச்சுக்குப் போற பழக்கம் உண்டாம்மா?"

அடுத்த தெருவில் ஒத்திகை தொடங்கியிருந்தது. ஜெனிஷாவின் குரல் மைக்கில் எழுந்தது. முதல் அடி முடிந்தது. நான் சேர வேண்டிய இடம் வந்தது. யாரும் சேரவில்லை. கீபோர்டு மட்டும் அந்த இடத்தைத் தனியாகக் கடந்துபோனது.

"இல்ல சார்."

அவர் எழுதிக்கொண்டார். அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"நல்லா பாடுது அந்தப் பொண்ணு," என்றார் அவர், எழுந்தபடி.

"ஆமா சார்."

நாற்காலிக்கு அடியில் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு காலால் அதை மிதித்துக்கொண்டேன். ஜெனிஷா அடுத்த அடியை எடுத்தாள். மறுபடியும் என் இடம் வந்ததும் பாட்டை நிறுத்தி, அதைக் காலியாக விட்டாள்.