எம்.பி. திறந்த வார்டு

நர்ஸாக இருந்தவள் எம்.பி. ஆனதே ஒரு கால்வாயால்தான். தோல் ஆலைகளின் கழிவு அதில் கலந்து, கரையோரத்துக் குழந்தைகள் சொறிந்து சொறிந்து ரத்தக்களரியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். களிம்பு தடவித் தடவிக் கை ஓய்ந்துபோய், ஒருநாள் ஆலை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் சேர்ந்தது, கட்சியும் வந்து சேர்ந்தது. அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த தங்கைதான் வீடு வீடாக ஏறி இறங்கி அவளுக்கு ஓட்டுக் கேட்டாள்.

பாராளுமன்றத்தில் அவளை விளையாட்டுக் குழுவில் போட்டார்கள். கால்வாய் என்று வாயைத் திறந்தாலே கட்சிக் கொறடா சிரித்து மழுப்புவார்.

"அவசரப்படாதீங்கம்மா. முதல்ல கொஞ்சம் பழகிக்கங்க."

பழகிக்கொண்டாள். கோப்பை கொடுத்தாள், நாடா வெட்டினாள், மறுபடியும் ஜெயித்தாள்.

அப்புறம்தான் ஆலைகளுக்கான கட்டுப்பாட்டைத் தளர்த்தும் மசோதா வந்தது. கொண்டுவந்தது அவளுடைய கட்சியே. கொறடா அவளை நடைவழியில் ஓரங்கட்டினார்.

"எதிர்த்தா அடுத்த தடவை சீட் கிடையாது. ஆதரிச்சா, உங்க ஆஸ்பத்திரிக்கு என்ன வேணும்னு கேளுங்க."

கேட்டாள். மறுநாள் சபையில் கையைத் தூக்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது, சீருடைகூட மாற்றாமல் தங்கை கூடத்தில் நின்றிருந்தாள்.

"பேசுனியாக்கா?"

"பேச நேரம் கொடுக்கலடி."

"கையைத் தூக்க மட்டும் கொடுத்தாங்களா?"

"வெளிய நின்னு கத்தி என்னடி ஆகப்போகுது? உள்ள இருந்தாத்தான் ஏதாவது செய்ய முடியும்."

"அதான் செஞ்சிட்டியே."

செருப்பை மாட்டிக்கொண்டு போனவள், அதன் பிறகு அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கேட்டது கிடைத்தது. தோல் நோய்க்கென்றே ஆஸ்பத்திரியில் புது வார்டு. எம்.பி. மாலையும் கழுத்துமாகத் திறந்துவைக்கப் போனபோது, விழாவுக்குக் காத்திராமல் கட்டில்கள் நிரம்பியிருந்தன. தங்கை ஒரு குழந்தையின் முதுகில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. குழந்தையின் தாய்தான் ஓடி வந்து எம்.பி.யின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களாலதாம்மா இந்த வார்டே வந்துச்சு."

மனசாரத்தான் சொன்னாள். தங்கையின் கை ஒரு கணம் நின்று, மறுபடி தடவத் தொடங்கியது. போட்டோக்காரர் காத்திருந்ததால் எம்.பி. சிரித்துவைத்தாள்.

அடுத்த தேர்தலிலும் அவளே ஜெயித்தாள். மற்ற எல்லா இடத்தையும்விட, கால்வாய்க் கரையில்தான் அவளுக்கு ஓட்டு அள்ளிக்கொண்டு வந்தது.