குடைத்துணியில் வெள்ளைப் பொடி

ஓஸ்வால்ட் முப்பத்தைந்து வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். எத்தனையோ பேருடைய புளுகைக் கேட்டு அலுத்த மனுஷனே தவிர, சொந்தமாக ஒன்று சொல்லத் துப்புக் கிடையாது. அப்படிப்பட்டவரை ஒரு பூச்சியின் முட்டை திருட்டு வேலைக்கு இறக்கிவிட்டது.

1998 ஜூன். பிரேசர் டவுன் வீட்டில் எட்டு மாதப் பேரன் நீல் தரையெல்லாம் தவழ்ந்துகொண்டிருந்தான். அவன் கணுக்காலில் வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள்.

"இது கொசு கடிச்சது இல்ல மாமா. டெய்சி மேல இருக்கிற தெள்ளுப்பூச்சி," என்றாள் மருமகள் ஆஞ்சலா.

டெய்சி பதினொரு வயது நாய். பாதிப் பல் இல்லை. மனைவி போன பிறகு அந்த வீட்டில் ஓஸ்வால்டின் பேச்சை முழுசாகக் கேட்பது அது ஒன்றுதான். மகன் நோயலின் சிநேகிதன் சிரில், பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். காவலுக்கு நாய் வேண்டும் என்று கேட்டுவைத்திருந்தான். காவல் என்றால் என்ன, கேட்டோரம் சங்கிலி, ராத்திரி பகல் லாரிச் சத்தம்.

நாய் டாக்டர் மருந்துக் குளியல் போட்டுவிட்டு, "படுக்கிற இடத்துல கறுப்புத் துணி விரிச்சுப் பாருங்க. தெள்ளு முட்டை, பேன் முட்டை மாதிரி முடியில ஒட்டிக்காது, உருண்டு விழுந்துடும். வெள்ளையா, பொடி உப்பு சைஸ். அரை மில்லிமீட்டர் இருந்தாலே ஜாஸ்தி," என்றார். ஆஞ்சலா சயின்ஸ் டீச்சர். கவனமாகக் கேட்டுக்கொண்டாள், பள்ளியிலிருந்து ஒரு லென்ஸும் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பது, அப்போதும் முட்டை விழுந்தால் டெய்சி பீன்யாவுக்கு. இதுதான் பேச்சு.

பழைய கறுப்புக் குடையின் துணியைப் பிரித்து டெய்சி படுக்கும் பாயில் விரித்தார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் ஓஸ்வால்ட் விடிவதற்குள் எழுந்தார். துணியில் இருந்தது, பாவி முட்டை! முத்து மாதிரி வெளுத்து, வழவழவென்று, விரல் பட்டால் உருண்டது. ஓசைப்படாமல் எடுத்துப்போய் வாசலில் உதறினார். நீல் விளையாடும் வாசலிலேயே அதை விதைக்கிறோமே என்று மனுஷனுக்குத் தோன்றவில்லை.

ஞாயிறன்று முதல் பூசைக்குப் போக ஆஞ்சலா அவருக்கு முன்னாலேயே எழுந்துவிட்டாள். ஓஸ்வால்ட் வந்து பார்த்தபோது, கையில் லென்ஸோடு குடைத்துணி முன்னால் குந்தியிருந்தாள்.

"மாமா, இங்க ஏதோ வெள்ளையா கிடக்கு."

"அது உப்பும்மா. நேத்து இங்க உக்காந்து வேர்க்கடலை தின்னேன்."

"உப்பா?"

"பின்ன என்ன?" விரலை எச்சில் பண்ணினார். நாலைந்து மணியை ஒற்றி எடுத்தார். டெய்சி அண்ணாந்து அவரையே பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்து விழுங்கினார். "உப்பேதான். கரிக்குது."

ஆஞ்சலா மிச்சமிருந்ததை லென்ஸில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உப்புக்கு மூலை இருக்கும், கட்டம் கட்டமாகத் தெரியும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள். இது நீள்வட்டம். எங்கும் ஒரு மூலை இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று ஓஸ்வால்ட் நினைத்தார்.

உள்ளேயிருந்து நோயல் குரல் கொடுத்தான். "என்ன ஆஞ்சலா, சிரிலுக்கு ஃபோன் போடட்டா?"

அவள் துணியை நாலாக மடித்தாள்.

"வேணாம். உப்புதான்," என்றாள். பிறகு மாமனார் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "முதல்ல போய் வாயைக் கொப்புளிச்சிட்டு வாங்க மாமா. வெந்நீர் வைக்கிறேன். துணி, பாய், உங்க மெத்தை விரிப்பு எல்லாத்தையும் அலசணும். தினமும் அலசணும், நீங்கதான்."